ஒன்பதாம் படுக்கையின் மூச்சு

முருகன் துணை

நர்சுகள் விடுதி, சென்னை
4-11-1962

அன்புள்ள அண்ணிக்கு ஞானா எழுதுவது. நீங்கள் கட்டிக் கொடுத்த அதிரசம் சேலம் வருவதற்குள் தீர்ந்துபோனது. அதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்கள், அம்மா, அண்ணன் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

தீபாவளியன்று நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, தலை கிறுகிறுக்கிறது என்று சுவரைப் பிடித்தாளே, அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல போ கண்ணு" என்பாள். அவள் வாயை நம்புவதைவிட நாடியை நம்பலாம். அதற்காகத்தான் என் தெர்மாமீட்டரை உங்களிடம் விட்டு வந்தேன். வாரத்தில் இரண்டு நாள் காலையும் மாலையும் பார்த்து, அம்மா பெயரைத் தலைப்பில் போட்டு எழுதி அனுப்புங்கள். அந்த வீட்டில் எட்டாவது வரை படித்தவர் நீங்கள் ஒருவர்தான். என் கடிதத்திலேயே பிழை கண்டுபிடிக்கிறவர்.

நான் காட்டியதை மறந்திருந்தால் மறுபடியும் சொல்கிறேன். பாதரசத்தை உதறிக் கீழே இறக்கிவிட்டு, நாக்குக்கு அடியில் மூன்று நிமிஷம் வைக்க வேண்டும். காப்பி குடித்த உடனே வைத்தால் அது காப்பியின் சூட்டைத்தான் சொல்லும். கழுவும்போது பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் வெடித்துவிடும், என் ஒரு மாதச் சாப்பாடும் அதோடு போகும். நாடி பார்க்க மூன்று விரல் வைக்கணும், கட்டைவிரல் கூடாது. கட்டைவிரலுக்கு அதற்கென்று ஒரு துடிப்பு உண்டு, நம் துடிப்பையே அவர்கள் துடிப்பு என்று எண்ணிவிடுவோம். அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டிய கைக்கடிகாரம் பெட்டியில் தூங்குகிறதே, அதை எழுப்புங்கள்.

கடைசியாக மூச்சு. அதை எண்ணுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றி விடுவார்கள். நாடியைப் பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல், நாடியைப் பார்ப்பது போலவே மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிக்கொள்ள வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது இந்தத் திருட்டுத்தனம்தான்.

அண்ணனுக்கு என் வணக்கம். அம்மாவுக்கு ஒரு முத்தம், அவள் விட்டால்.

உங்கள்
ஞானாம்பாள்


நல்லூர், திருப்பூர்
25-11-1962

பிரியமுள்ள ஞானாக் கண்ணுக்கு அண்ணி வேலாத்தாள் எழுதியது. இவ்விடம் யாவரும் சுகம். உன் உடம்பையும் படிப்பையும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதத்தில் 'கிறுகிறுக்கிறது' என்பதில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. திருத்திவிட்டேன்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத்தான் காய்ச்சல் வந்துவிடும் போல் இருந்தது. "கண்ணாடிக் குச்சிய வாயில வெச்சுக்க நான் என்ன கொழந்தையா" என்று கேட்டார். பிறகு வாயில் வைத்துக்கொண்டே பேசினார். உன் அண்ணன் பனியன் கம்பெனிக்குப் போன பிறகுதான் கடிகாரத்தை எடுத்தேன். அவருக்குத் தெரிந்தால் கல்யாணக் கடிகாரத்தைச் செலவழிக்கிறேன் என்பார்.

15ஆம் தேதி காலை 98.2. நாடி 74. மூச்சு 16. மாலையும் கிட்டத்தட்ட அதே.

20ஆம் தேதி காலை 98.4, நாடி 84, மூச்சு 20. மாலை ஆறு மணிக்கு 99.6, நாடி 98, மூச்சு 23.

23ஆம் தேதி காலை 98.4, நாடி 86, மூச்சு 20. மாலை 99.8, நாடி 100, மூச்சு 24.

காலையில் ஒன்றும் இல்லாமல் மாலையில் மட்டும் ஏறுவது எதனால் கண்ணு? அத்தைக்கு இது என்னவாக இருக்கும் என்று உன் புத்தகத்தைப் பார்த்து எழுது. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், வீணாகப் பயப்படுவார். அத்தை உனக்கு வெல்லம் கொடுத்து அனுப்பச் சொன்னார். ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

அன்புடன் அண்ணி
வேலாத்தாள்


சென்னை
2-12-1962

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் கடிதமும் திருத்தமும் கிடைத்தன. நான் சுகமாகவே இருக்கிறேன், மானம் மட்டும் கொஞ்சம் போய்விட்டது. கதையைக் கேளுங்கள்.

எங்கள் வார்டில் பதினான்கு படுக்கை. மாலையில் எல்லோருக்கும் மூன்றும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். சூடு பார்த்தேன், நாடி பார்த்தேன். மூச்சு எண்ணப் பொறுமை இல்லை. பதினான்கு பேருக்கும் 20 என்று எழுதிவிட்டேன். இங்கே பல பேர் செய்வதுதான். எங்கள் வார்டு சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்பதாம் படுக்கையைக் காட்டினார். அதில் இருந்த அம்மாள் மத்தியானமே வீட்டுக்குப் போயிருந்தார். விரிப்புகூட எடுத்தாகிவிட்டது. அவசரத்தில் பக்கத்துப் படுக்கை சார்ட்டைப் பார்த்து மூன்றையும் அதற்கும் எழுதி வைத்திருக்கிறேன்! "காலிப் படுக்கை நிமிஷத்துக்கு இருபது மூச்சு விடுகிறதா?" என்று சிஸ்டர் கேட்டபோது வார்டே சிரித்தது. நான் ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் உங்கள் எண்களைப் பார்த்ததும் சந்தோஷம். 16, 20, 23, 24. இது உட்கார்ந்து எண்ணியவர் எழுதியது. நீங்கள் நர்ஸாகியிருந்தால் நான் உங்களிடம் திட்டு வாங்கியிருப்பேன்.

ஆனால் அந்த எண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நாளில் அம்மாவின் நாடி அவ்வளவு ஏறியது ஏன்? இருமல் இருக்கிறதா? தூக்கத்தில் வேர்க்கிறதா? இளைத்திருக்கிறாளா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் ஞானா


நல்லூர்
23-12-1962

பிரியமுள்ள ஞானாவுக்கு அண்ணி எழுதுவது. குளிருக்கு நீ கம்பளி போர்த்திக்கொள்கிறாயா? இங்கே பனி அதிகம். மற்றபடி யாவரும் சுகமே.

ஒன்பதாம் படுக்கையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்தால் இருமல் வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில். அத்தைக்கு இருமல் ஐப்பசியிலிருந்து இருக்கிறது. தூக்கத்தில் வேர்த்து ரவிக்கை நனைகிறது. இளைப்புதான், ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. சாயங்காலமானால் 100 வரை போகிறது. மற்ற எண்களைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. என் அக்காவுக்கு வந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் புருஷன் வீட்டில், "உங்க பொண்ண நீங்களே வெச்சுப் பாருங்க" என்று வண்டியில் கொண்டுவந்து மங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். எங்கள் அப்பா அவளுக்கு மாட்டுச் சாளையில் கட்டில் போட்டார். அவள் இருக்கும்போதே அந்த வீட்டில் வேறு பெண் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, மடியில் ஒன்றும் இல்லை. எதற்கோ இதெல்லாம் நினைவு வருகிறது. அத்தைக்கு அந்தச் சீக்காக இருக்காது, இல்லையா?

பதிலை எனக்கே எழுது.

அண்ணி


சென்னை
30-12-1962

அண்ணி,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். இது டீபியாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், சளியைச் சோதித்து எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது. பொங்கல் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அண்ணனிடம் சொல்லி அம்மாவைத் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எனக்குப் பிப்ரவரியில் பரீட்சை, விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அதுவரை அம்மா இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். சளியை மூடி போட்ட தகர டப்பாவில் சாம்பல் போட்டுத் துப்பி, எரித்துவிட வேண்டும். தம்ளரைத் தனியாக வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். சன்னல்களைச் சாத்தாதீர்கள்.

மறு தபாலில் பதில் வேண்டும்.

ஞானா


நல்லூர்
12-2-1963

பிரியமுள்ள ஞானாவுக்கு அண்ணி எழுதியது. உன் இரண்டு கடிதமும் பொங்கல் வாழ்த்தும் வந்தன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் ஆர்டர் அதிகம் என்று உன் அண்ணன் வீட்டுக்கே பொழுது சாய்ந்துதான் வருகிறார், ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. பரீட்சை நல்லபடியாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன்.

அத்தைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். இந்தத் தடவை ஒரு நாள்கூட விடாமல் பார்த்து எழுதியிருக்கிறேன். இந்த ஒன்பது நாளும் நிம்மதியாக எண்ண முடிந்தது. 3ஆம் தேதி மாலை 100.2, நாடி 104, மூச்சு 25. 4ஆம் தேதி 100, 102, 24. 5ஆம் தேதி 100.4, 106, 26. இப்படியே 11ஆம் தேதி வரை பின்பக்கத்தில் இருக்கிறது. ஏறிக்கொண்டு போகிறதா, நிற்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

சன்னலைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.

அண்ணி


நல்லூர்
14-2-1963

சௌபாக்கியவதி ஞானாம்பாளுக்கு, பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் எழுதுவது. உன் அம்மா ஆயம்மாள் என் எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் திருத்தியே பழகியவள் நான். ஆனாலும் ஒரு வார்த்தையை மாற்றக் கூடாது என்று உத்தரவு. இனி அவர் பேச்சு.

கண்ணு ஞானா, நல்லா இருக்கறயா சாமி? நான் கடுதாசி எழுதறவ இல்லைனு உனக்குத் தெரியும். பழனிக்குப் போயிட்டு வந்தேன், அதச் சொல்லலாம்னுதான். மூணாந்தேதி ஞாயித்துக்கெழம கருக்கல்ல கெளம்புனேன். காவடிக் கூட்டம் கூட்டிட்டுப் போற பழனிமுத்து ஆளுங்களோட தாராபுரம் வழியா நடந்தே போனோம். வருசம் தவறாம அவங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போடறது நான்தான, இந்த வருசமும் ஆக்கிப் போட்டேன். காலு கொப்புளிச்சுது, மத்தபடி ஒரு தும்மல்கூட இல்ல. பூசம் முடிஞ்சு பதினொண்ணாந்தேதி திங்கக்கெழம பொழுதோடதான் ஊடு வந்து சேந்தேன். தேதிய நல்லாப் பாத்துக்க. மூணுலிருந்து பதினொண்ணு.

வேலாத்தா ஊட்டுலயே இருந்துட்டா. விபூதி வெச்சு அனுப்பறேன். நீயும் பூசிக்க.

(இது நான், ஜானகி. தேதியை நன்றாகப் பார்த்துக்கொள் என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னார். நான் ஒரு தடவைதான் எழுதினேன்.)


சென்னை
18-2-1963

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவின் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒத்துப் பார்த்தேன்.

மூன்றாம் தேதியிலிருந்து பதினொன்று வரை அம்மா தாராபுரம் சாலையிலும் பழனியிலும் இருந்திருக்கிறாள். அதே நாட்களில் நல்லூரில் நம் வீட்டில், சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒருவருக்கு 100.2 காய்ச்சல் இருந்திருக்கிறது. அவர் தனியாக உட்கார்ந்து, பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, தன் கையைத் தானே பிடித்து எண்ணியிருக்கிறார்.

நான் ஒன்பதாம் படுக்கைக்கு மூச்சு எழுதியதும் நீங்கள் செய்ததும் ஒன்றல்ல, அண்ணி. நான் எழுதியது பொய். நீங்கள் எழுதிய எண் ஒவ்வொன்றும் உண்மை, தலைப்பில் இருக்கிற பெயர் ஒன்றைத் தவிர. அந்தப் பெயர் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். நான் எதுவும் கேட்கப்போவதில்லை, யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை.

"அம்மா"வைச் சென்னைக்குக் கூட்டி வாருங்கள். துணைக்கு நீங்கள் வரவேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடலாம், அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அதற்குள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள். உங்கள் அக்கா காலம் போய்விட்டது. இப்போது இதற்கு மருந்து இருக்கிறது. இந்த ஊர் டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தன் வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்கள் அளவுக்குக் குணமாகிறார்கள். யாரையும் எங்கும் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டாம். யாரும் யாரையும் இறக்கிவிட நான் விடவும் மாட்டேன்.

எண்கள் ஏறிக்கொண்டுதான் போகின்றன. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் ஞானா


சென்னை
14-4-1963

அன்புள்ள அண்ணிக்கு, தமிழ் வருஷப் பிறப்பு வாழ்த்து. பாயசம் வைத்தீர்களா? இங்கே விடுதியில் பாயசம் என்று ஒன்று வைத்தார்கள். வாயில் வைத்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது.

"வருகிறோம்" என்று ஒற்றை வரி எழுதி நீங்கள் போட்ட கார்டை இன்னும் என் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அம்மா வருவதற்கு மறுப்பாள் என்று நினைத்தேன். "மெட்ராசுல கடல் இருக்குதாமா, பாக்கோணும்" என்று உடனே கிளம்பினாள் என்றீர்கள். வந்தவள் கடலையே கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்து குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அப்போது நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "ஞானா, என்னைய மங்கலத்துக்கு அனுப்பீராதீங்க." என்னிடம் இதுவரை நீங்கள் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. உங்கள் கையைப் பிடித்து நாடி பார்ப்பது போல் நின்றேன். எண்ணவில்லை அண்ணி. கண் மறைத்துவிட்டது.

இப்போது நர்ஸாகப் பேசுகிறேன். நுரையீரலில் வலது பக்கம் மேலே மட்டும் பாதித்திருக்கிறது, குழி விழவில்லை. நேரத்தோடு வந்தீர்கள். ஊசியைத் திருப்பூர் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளச் சீட்டு வாங்கித் தந்திருக்கிறேன். மாத்திரை ஒரு வருஷம், ஒரு நாள்கூட விடக்கூடாது. பெரிய வில்லை குமட்டும், சோற்றுக்குப் பிறகு விழுங்குங்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது போல் இருக்கும், அப்போதுதான் எல்லோரும் நிறுத்துவார்கள். நிறுத்தினால் நான் ரயில் ஏறி வந்து அடிப்பேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பார்சலின் மேல் சத்து மாத்திரை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள் நீங்களே அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும். சளி டப்பாவும் தம்ளரும் எவ்வளவு நாள் ஒளிந்திருக்கும்?

உங்கள் ஞானா


நல்லூர்
16-6-1963

பிரியமுள்ள ஞானாவுக்கு அண்ணி எழுதுவது. உன் உடம்பு நலமா? வெயிலில் அலையாதே. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, முருகன் மேல் ஆணை. மாலைச் சூடு 99க்குக் கீழே இறங்கிவிட்டது. நாடி 84.

ஆனால் வீட்டில் ஒன்று நடக்கிறது, எனக்குப் புரியவில்லை. நாங்கள் சென்னையிலிருந்து திரும்பிய மறுநாளே அத்தை தெருவில் எல்லோரிடமும், "எனக்கு மார்ச்சளியாமா, மெட்ராசு டாக்டரு சொல்லிப்புட்டாரு" என்று சொல்லிவிட்டார். தனித் தம்ளர், தனித் தட்டு என்று தனக்கு எடுத்து வைத்துக்கொண்டார். அதே போல் எனக்கும் ஒன்று எடுத்து வைத்து, "என்னையத் தொட்டுப் பொழங்கறவ நீ, உனக்கும் தனியா இருக்கட்டும்" என்கிறார். சாம்பல் டப்பா வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அத்தையுடையது என்று ஊரே நினைக்கிறது. நான் அதில்தான் துப்புகிறேன். கொண்டுபோய் எரிப்பது அத்தை.

வைகாசி விசாகத்துக்குச் சோறாக்கப் போனவரைப் பழனிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த வருசம் நீங்க உக்காந்து பாருங்க ஆத்தா" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். அத்தை வீட்டுக்கு வந்து நூல் சுற்ற உட்கார்ந்தார். பதினாறு வருஷம் அந்தக் கரண்டியைப் பிடித்த கை. நான் சமையல்கட்டில் நின்று அழுதேன்.

நான் எழுதிய பொய்யை நம்பி, தனக்குத்தான் சீக்கு என்று நினைத்துக்கொண்டாரோ? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நீ அத்தைக்கு எழுது.

அண்ணி


நல்லூர்
7-7-1963

சௌபாக்கியவதி ஞானாம்பாளுக்கு, ஜானகியம்மாள். உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதுகிற கை மட்டும்தான், வாய் இல்லை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். கவலைப்படாதே.

கண்ணு, சோறு தண்ணி ஒழுங்காத் திங்கறயா? எனக்கு ஒரு சீக்கும் இல்ல. எனக்குத் தெரியாதுனு நீயும் நெனச்சயா?

நீ எழுதற கடுதாசியெல்லாம் அவதான் எனக்குப் படிச்சுக் காட்டுவா. அம்மாவுக்கு இருமல் இருக்குதானு நீ கேட்ட எடத்துல அவ கொரல் தடுக்கித் தாண்டிப் போச்சு. அந்தக் கடுதாசிய மடியில வெச்சுட்டு வந்து ஜானகியம்மாகிட்டப் படிக்கச் சொன்னேன். கண்ணாடிக் குச்சி என் வாய்க்கு வந்தது ஒரே நாளுதான். அப்பறம் ஏது எனக்குக் காய்ச்சல்?

மூச்ச எண்ணறது தெரியக் கூடாதுன்னயே, அத அவ எனக்குப் படிச்சுக் காட்டினா. அவ ராட்டைல உக்காந்து நூல் சுத்தறப்ப நான் எதுத்தாப்புல உக்காந்துக்குவேன். எனக்குக் கடியாரம் பாக்கத் தெரியாது. என் மூச்ச வெச்சுத்தான் எண்ணுனேன். எனக்குப் பத்து ஓடறப்ப அவளுக்குப் பதினஞ்சு ஓடுச்சு. கார்த்திகையிலிருந்து எண்ணறேன்.

அவ அக்காளப் பாக்க நானும் மங்கலம் போயிருந்தேன். மாட்டுச் சாளைல அந்தப் புள்ள கெடந்தத என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு, நமக்கெதுக்கு வம்புனு வாயத் தொறக்காம வந்துட்டேன். அது இன்னும் என் நெஞ்சுல கெடக்குது. வேலாத்தாகிட்ட, உனக்கு என்னடீன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவ அன்னைக்கே பொட்டியக் கட்டிட்டு மங்கலத்துக்குப் போயிருப்பா. ரோசக்காரி. அதனாலதான் உனக்குத் தேதி சொல்லி எழுதுனேன். படிச்ச புள்ள, நீ புரிஞ்சுக்குவன்னு.

சீக்கு என் பேர்ல இருந்தா யாரு என்னைய எங்க அனுப்ப முடியும்? இது என் ஊடு. கரண்டி போனாப் போவுது. சோறு அடுத்த வருசமும் ஆக்கலாம்.

அவகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. அவளா வந்து சொல்லட்டும்.

(ஞானா, பள்ளிக்கூடத்தில் ஆயிரம் கட்டுரை திருத்தியிருக்கிறேன். இதில் எதையும் மாற்றத் தோன்றவில்லை. ஜானகி.)


நல்லூர்
2-2-1964

என் பிரியமுள்ள ஞானாவுக்கு அண்ணி வேலாத்தாள் எழுதியது. நீ கடைசிப் பரீட்சையிலும் தேறிவிட்டாய் என்று படித்ததும் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அத்தையிடம் சொல்லிவிட்டேன் என்று முன்பே எழுதினேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத அப்போது கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன். இருவரும் நூல் சுற்றிக்கொண்டிருந்தோம். "அத்த, அந்தச் சீக்கு உங்களுக்கில்லீங்க, எனக்குங்க" என்றேன். அத்தை ராட்டையை நிறுத்தவே இல்லை. "தெரியும் கண்ணு. நூல் அறுந்துரும், பாத்துச் சுத்து" என்றார். எனக்கு நூல் அறுந்துதான் போனது.

உன் அண்ணனிடம் அத்தையே கூட இருந்து சொல்ல வைத்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். போயே விட்டார் என்று நினைத்தேன். பொழுது இறங்குவதற்குள் பனியன் வேஸ்ட் துணியில் நாலு முட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பெட்டியைத் திறந்து கல்யாணக் கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டினார். "இத்தன நாளு திருட்டுத்தனமா எடுத்தயே, இனிமே இது உன்னுதுதான்" என்றார். அன்றிலிருந்து தினமும் முட்டை. எனக்கு முட்டையைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கத் தோன்றுகிறது.

போன மாதம் எக்ஸ்ரேயில் வெறும் தழும்புதான் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சீட்டை அத்தை வாங்கிக்கொண்டு நேராகப் பழனிமுத்து வீட்டுக்குப் போனார். எனக்கோ என் மருமகளுக்கோ ஒரு சீக்கும் இல்லை, கரண்டியைக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தைப்பூசத்துக்கு அவர் நடந்தார். நானும் உன் அண்ணனும் பஸ்ஸில் போய் அடிவாரத்தில் சேர்ந்துகொண்டோம். தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மாத்திரை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, விடமாட்டேன்.

பந்தி முடிந்து எல்லோரும் படுத்திருந்த மத்தியானம், மரத்தடியில் அத்தையின் கையைப் பிடித்தேன். பிறகு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு என் மூச்சும் உன் மூச்சும் ஒண்ணா ஓடுது" என்றார். கடிகாரத்தில் எண்ணிப் பார்த்தேன். கீழே எழுதியிருக்கிறேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். மூன்று தடவை எண்ணினேன், படுக்கையும் காலியாக இல்லை.

29-1-1964, பழனி அடிவாரம்.

பெயர்: ஆயம்மாள். சூடு 98.2. நாடி 76. மூச்சு 20.

பெயர்: வேலாத்தாள். சூடு 98.4. நாடி 78. மூச்சு 20.